மூன்றாம் எதிராளி

வானொலி இன்னும் சொல்லவில்லை.
ஆனால் குசினிச் சுவரில்
வெள்ளை முட்டைகளைத் தூக்கிக்கொண்டு
மேலே ஏறத் தொடங்கிவிட்டன.
இன்னும் மூன்று நாளில் மழை.

ஐப்பசி பிறந்தால் எங்கள் வீட்டில்
ஒரு சாமானும் தன் இடத்தில் இராது.
சீனிப் போத்தல் தண்ணீர்க் கோப்பைக்குள் நிற்கும்,
நயினாதீவு மாதிரி.
மாப்பேணி பிறிஜ்ஜுக்குள்.
கொடியில் கிடந்த உடுப்பை
உதறாமல் போட்டுக்கொண்டு போன குகபாலன்
வாசிகசாலைக் கூட்டத்தில் பாதியில் எழும்பி ஓடிவந்தார்.
அதை விரிவாக எழுதுவதில்லை என்று
வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

கறுத்தது என்றால் பிள்ளையாற்றை ஆள்,
கடிக்காது, விடலாம்.
இது கடியன்.
எந்தச் சாமியும் உரிமை கோரவில்லை.

மஞ்சள் தூவினேன்,
வீடு கறி மணந்தது.
மண்ணெண்ணெய்த் துணியால் வாசற்படி துடைத்தேன்,
இரண்டு நாள் தேத்தண்ணியும் மண்ணெண்ணெய்.
சுன்னாகம் சந்தையில் வாங்கிய வெண்கட்டியால்
கதவைச் சுற்றிக் கோடு கீறினேன்.
கோட்டின் ஓரமாகவே நடந்து,
கோடு முடிந்த இடத்தில் திரும்பி,
உள்ளே வந்தன.
தபாற்கந்தோரில் பதினாறு வருசம்
வரிசைகளைப் பார்த்தவள் நான்.
பென்சன் நாளில்கூட
இப்படி ஒரு வரிசை கண்டதில்லை.

ஒரு ஞாயிறு, டோர்ச் அடித்துப் பின்னால் போனேன்.
குசினி, கிணற்றடி, வாழைப்பாத்தி,
பிறகு தகரவேலி.
ஒழுங்கையில் எல்லாரும் மதில் கட்டிவிட்டார்கள்,
எங்களுக்கு மட்டும் வழக்கு முடியவில்லை.
வேலிக்கடியில், எல்லைக்கல்லோடு ஒட்டி, புற்று.
மல்லாகம் கோட்டில் ஒன்பது வருசமாய்க் கிடக்கிற
அதே எல்லைக்கல்.
பரஞ்சோதியர் அரையடி தள்ளி நட்டார் என்று நாங்கள்,
நாங்கள்தான் இழுத்தோம் என்று அவர்கள்.
சேவையர் மூன்று தரம் அளந்தார்,
மூன்று கணக்கு வந்தது.
வெண்கட்டிக் கோடோ மல்லாகம் கோடோ,
கடியனுக்கு எல்லாம் ஒன்றுதான்.

நான் பவுடர் கொட்டினால் அங்கே போகும்.
இரவில் அவர்கள் வீட்டில்
தும்புத்தடி தரையில் அடிபடும்,
விமலா ரீச்சர் "ஐயோ" என்பா.
மனம் கொஞ்சம் குளிர்ந்தது, மறைக்கமாட்டேன்.
அவர்கள் கொட்டினால் இங்கே.
எட்டு நாள் இப்படித்
தவணை தவணையாய்ப் போய்வந்தன.

ஒன்பதாம் நாள் தகரத்துக்கு அந்தப் பக்கம் ஓர் இருமல்.
"உங்கட பக்கமும் போடுறியளோ?"
சட்டத்தரணியைக் கேளாமலே சொன்னேன்:
"ஓம்."
"ஒரே நேரத்தில போட்டால்தான்..."
"ஆறு மணிக்கு."
"காலமையோ?"
"காலமை."

தகரத்தின் கீழ் இடைவெளியில்
அவவின் செருப்புத் தெரிந்தது,
அறுந்த வாரில் ஓர் ஊசி.
கணுக்காலில் பூசிய சித்தாலேப
இந்தப் பக்கமும் மணத்தது.
கொட்டினோம்.
ஒருவரும் ஒன்றும் கதைக்கவில்லை.
பத்து மணிக்கு மழை.

பவுடரைத்தான் கழுவிக்கொண்டு போனது.
விளக்கீட்டன்று வேலியோரம் விளக்கு வைக்கக் குனிந்தேன்.
ஈரமண்ணைக் குருணல் குருணலாய்க் குவித்து
அந்த அரையடியைக் கடியன் பிடித்திருந்தது.
உறுதி இல்லை, தோம்பு இல்லை,
வழக்கேட்டில் பெயரும் இல்லை.
கல்லே மூடுப்பட்டுவிட்டது.

நேற்று மறுபடி அந்த இருமல்.
"நீங்கள் சீனியை எங்க வைக்கிறியள்?"
தண்ணீர்க் கோப்பைக்குள் என்று சொன்னேன்.
தூசு படிந்தால் அதன்மேல் நடந்துவரும்,
தண்ணீரை நாளாந்தம் மாற்ற வேணும்,
அதை மட்டும் சொல்லவில்லை.
தை பதினேழு தவணை இருக்கிறது.