ஒரு நெடில், இரண்டு குறில்

ஆயிரத்து எண்ணூறு வெள்ளிக்கு
முகுந்தனிடம் வாங்கிய மோட்டார்.
மீட்டரின் இடது ஓரத்தில்
நகத்தளவு கறுப்பு டேப்.
"ராத்திரில கண்ணு கூசுதுன்னு ஒட்டுனேங்கா,
வேற ஒண்ணுமில்ல."
சொல்லிவிட்டுக் காசை இரண்டு தடவை எண்ணினான்.

சாவியைத் திருப்பினால்
பெரட்டில் பேர் கூப்பிடுகிற மாதிரி
விளக்குகள் முகம் காட்ட வேண்டும்.
நியூட்ரலின் பச்சை வந்தது.
எஞ்சின் விளக்கு வரவில்லை.
வராத ஆளைப் பற்றித்தான்
கிராணி முதலில் கேட்பார்.
நான் கேட்கவில்லை. வேலைக்கு நேரமாகியிருந்தது.

பாடாங் செராயிலிருந்து கையுறைத் தொழிற்சாலைக்குப்
பதினெட்டு கிலோமீட்டர்,
அதில் பாதி செம்பனைக்குள்.
சில நாள் வண்டி திக்கும்.
எண்ணெய்க் கடையைத் திட்டினேன்.
மழையைத் திட்டினேன்.
"ஓடுதுல்ல? அப்புறம் என்ன"
என்றார் வீட்டுக்காரர்.
எங்கள் வீட்டில் ஐஸ் பெட்டிக்கும் எனக்கும்
இதுவரை எழுதப்பட்ட ஒரே மருந்து அது.

போன வியாழன்,
ஷிப்ட் முடிந்து பதினொன்றே முக்காலுக்கு,
எட்டாம் நம்பர் காட்டு வளைவில்
எஞ்சின் அப்படியே நின்றது.
இருமவில்லை, குலுங்கவில்லை.
பேசிக்கொண்டிருந்தவர்
பாதி வாக்கியத்தில் எழுந்து போனதுபோல.
போனில் நான்கு சதவீதம்.
எங்கோ குலை ஒன்று விழுகிற சத்தம்.

நகத்தால் டேப்பைக் கிளப்பினேன்.
அடியில் சின்னதாய் ஓர் எஞ்சின் படம்,
பார்த்தால் தண்ணீர்க் குழாய் என்பீர்கள்.
சாவியைத் திருப்ப,
ஆரஞ்சாய் எரிந்து, அணைந்து,
பிறகு மினுங்கத் தொடங்கியது.

ஆ லியோங் தூக்கத்திலிருந்து போனை எடுத்தார்.
"பெராப்பா காலி?" எத்தனை தடவை?
எண்ணவில்லை என்றேன்.
எண்ணு. பாஞ்சாங்கா, பெண்டெக்கா?
நீட்டினால் பத்து, குட்டையானால் ஒன்று.
அவர் மலாயில் கேட்டது
எனக்குள் வேறு மாதிரி விழுந்தது:
நெடிலா, குறிலா?

ஐந்தாம் படிவத்தில்
இலக்கியப் பாடம் எடுத்த மூன்று பேரில் நான் ஒருத்தி.
அதற்குப் பிறகு இருபத்திரண்டு வருடம்
அசை பிரிக்கச் சொல்லி
யாரும் என்னைக் கேட்டதில்லை.

நெடில். குறில், குறில்.
இருட்டு.
நெடில். குறில், குறில்.
ஒற்றை விட்டுவிட்டுப் பார்த்தால்
நேர் நிரை, கூவிளம்.
வாய் தானாகவே ஒரு சொல்லை வைத்தது:
பால்மரம்.
இருட்டு. பால்மரம்.
சுற்றிலும் நாலு மைலுக்கு
ஒரு பால்மரம் கிடையாது.

"பன்னிரண்டு" என்றேன்.
"இன்ஜெக்டர். வயரைப் பா..."
போன் செத்தது.

மூன்று மாதமும் இதைத்தான் சொல்லியிருக்கிறது.
ஓடும்போது வாயை மூடிக்கொண்டு எரியும்,
நின்றால்தான் விவரம் சொல்லும்.
நின்றபோதெல்லாம்
நான் உதைத்து உதைத்துக் கிளப்பியிருக்கிறேன்.

விளக்கை அப்படியே மினுங்க விட்டு
சீட்டுக்கடியில் கைவிட்டுத் துழாவினேன்.
வெளிச்சம் வந்து வந்து போனது,
பார்த்ததும் துண்டு துண்டாகத்தான்:
சேறு. எலிப் புழுக்கை. ஒரு வயர்.
பழம் தின்று அலுத்த எலி
தோலைக் கடித்து வைத்திருந்தது,
உள்ளே செம்பு இரண்டு இழையில் தொங்கியது.

சாவியை அணைத்தேன். கும்மிருட்டு.
முறுக்கினேன். சுற்ற எதுவுமில்லை.
அப்புறம் ஞாபகம் வந்தது,
கட்டை விரலிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது
முகுந்தனின் டேப்.
வெயிலில் பசை பாதி செத்திருந்தது.
இரண்டு சுற்று வந்தது, போதும்,
சனிக்கிழமை ஆ லியோங் பார்த்துக்கொள்வார்.

சாவி.
ஆரஞ்சு வந்தது, இரண்டு நொடி,
ஆஜர் சொல்லிவிட்டுப் போனது.
மூன்றாவது உதையில் கிளம்பியது.

மறுநாள் சந்தை முக்கில்
முகுந்தன் எதிரில் வந்தான்.
என் முகத்தைப் பார்க்கவில்லை,
மீட்டரைப் பார்த்தான்.
நானும்
அவன் புது மோட்டாரின் மீட்டரைப் பார்த்தேன்.