அறை எதுவரை

செம்பனை ஆலையின் வாடை
இந்தத் திரை வழியே வருவதில்லை.
பாகாவ் கிளினிக்கின் பின்னறை தெரிகிறது:
தடுப்பூசி அட்டவணை, சுழலாத மின்விசிறி,
உரக் கம்பெனியின் போன வருட நாள்காட்டி.
நடுவில் இருசப்பன் த/பெ மாயாண்டி,
நாற்பத்தொன்று, குலை வெட்டுபவர்.
தோட்டத்து உரக் கிடங்குக்குத் தீ வைத்ததாக வழக்கு.

நான் சிரம்பானில்.
மேலே கோட்டு, கீழே வீட்டுச் செருப்பு.
அவருக்கும் என்னில் பாதி தெரியாது.

சொல்லவேண்டியதை முதலில் சொன்னேன்.
பேசுவது நீதிமன்றத்துக்குப் போகும்,
இரகசியம் என்று வாக்குத் தர முடியாது,
விருப்பமில்லை என்றால் பேசவேண்டாம்.
தலை அசைந்தது.
சம்மதமா, படம் துள்ளியதா?
மறுபடி கேட்டேன்.

"நீங்க டாக்டரா, கோர்ட்டா?"
"டாக்டர்தான். ஆனா உங்க டாக்டர் இல்ல."
"அப்ப யாரோட டாக்டர்?"
தகரக் கூரையில் மழை இறங்கியது,
அவர் கூரையில்.
என் மேசைமேல் வெயில்.
அடுத்த கேள்விக்குப் போனேன்.

படிவத்தில் ஒரு கட்டம்: கண்ணைப் பார்த்துப் பேசுகிறாரா.
அவர் கண்ணை நான் பார்த்தால்
அவருக்கு நான் குனிந்திருப்பேன்.
லென்ஸைப் பார்த்தால் எனக்கு அவரே இல்லை.
கட்டத்தை அப்படியே விட்டேன்.

"தீப்பிடிச்ச அன்னைக்கு ராத்திரி சாப்டீங்களா?"
ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.
"சாப்டேன்."
நான்கில் அவருடையது எத்தனை,
கம்பியுடையது எத்தனை?
'பதிலில் தாமதம்' என்று எழுதி
அடித்தேன்.

நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னேன்.
தொண்ணூற்று மூன்றில் படம் உறைந்தது,
வாய் பாதி திறந்தபடி.
உயிர் வந்தபோது முப்பதில் இருந்தார்.
முப்பது சரிதான்.
நடுவில் வந்த வழியை நான் கேட்கவில்லை,
கேட்காததை எழுதக் கூடாது.

கேமராவைக் கீழே சாய்க்கச் சொன்னேன்.
உதவியாளர் அஸ்மான் சாய்த்தார்.
கைவிலங்கு, நாற்காலிக் காலோடு.
வலது முழங்கால் நிற்காமல் துடித்தது.
மருந்தா, பயமா, ஈரச் சட்டையின் குளிரா,
பக்கத்தில் இருந்திருந்தால் தெரியும்.
விலங்கை அவிழ்க்கச் சொன்னேன்.
சாவி வெளியே போயிருக்கிறதாம்.

பிறகு, எல்லோரிடமும் கேட்பது:
"ஆளில்லாதப்ப குரல் ஏதும் கேக்குதா?"
"கேக்குது."
"எப்ப?"
"இந்தா, இப்பகூட."
"என்ன சொல்லுது?"
"நீங்க சொன்னதத்தான்.
என்ன சொல்லுதுன்னு கேட்டீங்கல்ல,
அதையே இன்னொருக்கா கேக்குது."

பேனா ஓடியது.
பதினெட்டு வருடப் பழக்கம், தானாக ஓடும்.
"எங்கிருந்து?"
கை கட்டியிருந்ததால்
முகவாயால் சுவரைக் காட்டினார்.

ப்ளைவுட் சுவர்.
அஸ்மான் எழுந்து போனார்.
அப்போதுதான், அத்தனை நேரம் கழித்து,
இணைந்திருப்போர் பட்டியலைத் திறந்தேன்.
மூன்று பேர்.
மூன்றாவதுக்குப் பெயரில்லை, வெறும் கைப்பேசி எண்.
அடுத்த அறையில் வழக்கு அதிகாரி
ஒலிபெருக்கியைத் திறந்துவைத்து
தே ஓ குடித்துக்கொண்டிருந்தார்.
விலங்கின் சாவி மேசையில்.
சும்மா, நேரம் மிச்சமாகட்டும் என்றுதானாம்.

அறையில் வேறு யாரும் உண்டா என்று
தொடக்கத்திலேயே கேட்டிருந்தேன்.
இல்லை என்று வந்த பதில் பொய்யில்லை.
அறை எதுவரை என்று நான் கேட்கவில்லை.

நிறுத்தினேன்.
ஏன் நிறுத்துகிறேன் என்று அவரிடம் சொன்னேன்.
"அப்ப என் காது நல்லாத்தான் இருக்கு," என்றார்.
சிரித்தாரா தெரியவில்லை,
படம் அதற்குள் கட்டம் கட்டமாகிவிட்டது.

நீதிமன்றத்துக்கு எழுதினேன்:
குரல் கேட்பதாகச் சொன்னார்.
குரல் இருந்தது.
இன்று பேசிய எதையும்
அவருக்கு எதிராகவோ ஆதரவாகவோ எடுக்க வேண்டாம்.
பட்டியலைப் பார்க்காதது என் தவறு.

வியாழக்கிழமை, குவாலா பிலா தாண்டி
குலை ஏற்றிய லாரிக்குப் பின்னால் ஊர்ந்தேன்.
கண்ணாடி ஏற்றியிருந்தும்
ஆலை வாடை உள்ளே வந்து உட்கார்ந்தது.
யாரோட டாக்டர் என்று
இன்றைக்கும் கேட்பார்.
ஊர் எல்லை வந்துவிட்டது,
என்னிடம் இன்னும் பாதிப் பதில்தான்.