இருநூற்றைம்பது மணி நேரம்

கரும்பு லோடருக்கு
இருநூற்றைம்பது மணி நேரத்துக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றணும்.
எனக்கு எத்தனை என்று
எந்தக் கையேட்டிலும் போடவில்லை.

பொங்கோலாவில் பம்ப், உம்ஃபொலோசியில் ஹோஸ்,
மழையில் ஒரு கிளட்ச், அதன் அடியிலேயே தூக்கம்.
"திங்கள்தோறும் வா" என்பார் ஃபோர்மேன் தவநேசன்.
ஸ்டாங்கர் ஒர்க்ஷாப்புக்கு நான் வருவதோ
பேக்கியில் சீல் தீர்ந்தால்.

இன்று வாசலில் புதுக் காவலாளி ஸிபுசிசோ
பதிவேட்டை நீட்டினான்.
பெயர். வண்டி எண்.
யாரைப் பார்க்க?
ஒன்றும் தோன்றாமல் ஒரு கோடு இழுத்தேன்.

என் வைஸில் யாருடைய சைக்கிளோ இறுகிக் கிடந்தது.
என் கோப்பை நிறைய நட்டுகள்.
பார்ட்ஸ் ஜன்னலில் கோகிலம், தலை நிமிராமலே:
"பழைய பம்ப் அஞ்சு திருப்பணும், சக்ரேன்.
கணக்கு என் தலையில நிக்குது."
காலடிச் சத்தத்திலேயே பெயர் சொல்லிவிட்டாள்.

அஞ்சையும் இறக்கினேன்.
கழிவெண்ணெயை டிரம்மில் கவிழ்த்தேன்.
புறப்பட்டிருக்கலாம்.
நட்டுகளைக் கொட்டி அளவு பார்த்துப் பிரித்தேன்,
பத்து, பன்னிரண்டு, மறை தேய்ந்த ஒரு பதினாலு.
கோப்பையை டீசல் வாசனை போகக் கழுவினேன்;
போகவில்லை. அதிலேயே டீ.
பொங்கோலாவிலிருந்து மூன்று முறை போன் அடித்தது.

வாசலில் ஸிபுசிசோ கேட்டான்:
"வேலை முடிஞ்சுதா?"
பாதிதான், என்றேன்.