பூசணி நிறம்

எங்கள் ஊர் வழக்கில் வீடு பெண்ணுக்கு.
ஆகவே போனது அவர்தான்,
இரண்டு சூட்கேஸும் ஓர் இஸ்திரிப்பெட்டியுமாக
நிந்தவூர்ச் சந்திவரை ஆட்டோவில்.
சுவர்கள் இருந்தன,
அவர் தெரிவுசெய்த ஐவரி நிறத்தில்,
நாலு அறையும் ஹோலும் குசினியும்கூட.
"அழுக்குத் தெரியாத நிறம்" என்று வாங்கியது.
எல்லா அழுக்கும் தெரிந்தது.

இத்தா இருந்த மூன்று மாதமும்
இந்த அறையின் கிழக்குச் சுவரை
என்னளவுக்கு வாசித்தவர் எவருமில்லை.
சுபஹுக்குப் பிறகு அது ஆறிய பால்.
பத்து மணிக்கு நோயாளியின் நகம்.
அஸர் நேரம்
ஜன்னல் கம்பிகளின் நிழல் விழுந்து
ஒற்றைரூல் கொப்பி.
மழைநாளில் ஒன்றுமேயில்லை.

கல்முனைக் கடையில்
நிற அட்டையை விரித்தான் பையன்.
ஆயிரத்துச் சொச்சம் சதுரங்கள்,
எல்லாவற்றுக்கும் இங்கிலீசுப் பெயர்.
"டீச்சருக்கு எந்த மாதிரி வேணும்?"
கைப்பையிலிருந்து எடுத்தேன்
லஞ்ச் ஷீட்டில் சுற்றிய பூசணிக் கீற்று.
தோலோரத்து மஞ்சள் இல்லை,
விதை கழன்ற இடத்து நாரின்
கடுஞ்செம்மஞ்சளும் இல்லை,
இரண்டுக்கும் நடுவே
கத்தி போன முகம்.
அவன் சிரிக்கவில்லை.
அதற்காக அவனுக்கு இன்னும் கடமைப்பட்டிருக்கிறேன்.
ஈரத்தைச் சட்டை நுனியால் ஒற்றி
மெஷினின் கண்ணை அதன்மேல் வைத்தான்.
ஓர் இலக்கம் வந்தது.
மூடிய டின், பெட்டிக்குள்
ஜின் பிடித்ததுபோல் ஆடியது.
பூசணியை இரவே கறியாக்கினோம்.

நானா வந்து பார்த்தார்:
"இதென்ன புள்ள, ஜூஸ் கடையா?"
உம்மா நிறத்தைப் பார்க்கவில்லை, விலையைக் கேட்டா.
மின்ஹா மட்டும்
காயாத இடத்தில் கன்னத்தை ஒட்டிவிட்டு
நாள் முழுக்கக் கழுவ விடவில்லை.

அடுத்த நாள் ஜவ்பர் பாஸ் கட்டிலை இழுத்தார்.
தலைமாட்டில், இடப்பக்கம், கறை.
ஒன்பது வருடம் சாய்ந்திருந்து
ஃபோன் பார்த்த ஒரு தலையின் அளவு.
முதல் கோட்டுக்குள்ளிருந்து வந்தது.
இரண்டாவதற்குள்ளிருந்தும்
கொஞ்சம் மெலிந்து வந்தது.
"எண்ணெய், டீச்சர்.
எத்தின தரம் அடிச்சாலும் மறுகா வரும்.
டெக்ஸ்சர் போட்டிருவம், சொரசொரப்பா,
கண்ணுக்குப் புடிபடாது."
மாதிரிப் பலகையை நீட்டினார்.
மணல் தூவியதுபோல் ஒன்று, மரப்பட்டைபோல் ஒன்று,
மூன்றாவது அப்படியே பலாத்தோல்.
கண்ணை மூடித் தடவினேன். அழகுதான்.
தூசி குடும்பம் நடத்தும் அழகு.
நித்திரையில் முழங்கை பட்டால் தோல் போகும்.

வேண்டாம் பாஸ்,
வழுவழுப்பாகவே இருக்கட்டும்.
ஏதாவது மறுகா வருவதென்றால்
எனக்குத் தெரிந்து வரட்டும்.

அவர் தலையைச் சொறிந்தார்.
சவர்க்காரத் தண்ணீர், சேன்ட் பேப்பர், சீலர்,
ஒரு நாள் கூலி மேலதிகம்.
மணம் தாங்காமல் மூவரும் ஹோலில் படுத்தோம்.

சொரசொரப்பைக் கட்டிலுக்குக் கொடுத்தேன்.
கலியாணத்துச் சாட்டின் விரிப்பு
இரவெல்லாம் வழுக்கி நிலத்தில் கிடக்கும்,
விடியப் பொறுக்குவது என் வேலையாக இருந்தது.
மடித்து அலுமாரியின் அடித்தட்டில் வைத்தேன்.
இப்போது மருதமுனைத் துணி,
கோடில்லாதது, முரடு,
எங்கே விரித்தேனோ அங்கேயே கிடக்கிறது.
ஜன்னலுக்கு வெள்ளை வொயில்.
அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, மலிவு.

மற்ற அறைகள் இன்னும் ஐவரிதான்.
சம்பளம் இருபத்தைந்தாம் தேதி.

அஸருக்குக் கம்பி நிழல்
பூசணிமேல் விழுகிறது.
பிள்ளைகளின் கொப்பி திருத்தும் சிவப்புப் பேனையோடு
கட்டிலை ஒரு சாண் நகர்த்தி
இடப்பக்கத்தைப் பார்த்துக்கொள்கிறேன், உள்ளங்கையாலும்.
இன்றைக்குப் பதினேழாம் நாள்.
வரவில்லை.
வந்தாலும்
டின்னில் கால்வாசி மிச்சமிருக்கிறது.