முத்தத்துக்கு இயைபு

பக்கத்துக்கு ஆறு பென்ஸ்.
ஹெட்விக் லோர்ஷைடர், கோப்லென்ஸ்காரி,
கேம்டன் டவுனில் மூன்றாம் மாடி,
பல்வலிக்குக் கிராம்புத் தைலம்.
மேசைமேல் ஜெர்மன் பாட்டுநாடகம் ஒன்று
கட்டவிழ்ந்து கிடக்கிறது.

அழகு சேர்ப்பது அவள் வேலையல்ல.
வரிக்கு வரி, சொல்லுக்குச் சொல்
எலும்பை மட்டும் உருவிக் கொடுக்க வேண்டும்.
சதை வைப்பவர் வேறு:
ஆர்ச்சிபால்ட் குவில்டர்,
கார்னிலியன் தியேட்டரின் ஆஸ்தானப் பாட்டாசிரியர்.
ஜெர்மனில் அவருக்குத் தெரிந்தது
ஒரு பியர் கேட்கும் அளவுக்கு.

அந்த வருஷம் லண்டனுக்கு வால்ட்ஸ் பைத்தியம்.
கதாநாயகியின் தொப்பி கடைக்கு வந்துவிட்டது,
அதை வைத்துக்கொண்டு டிராமில் ஏற முடியவில்லை.
மீன் சந்தைத் தராசுகூட
ஒன்று-இரண்டு-மூன்று என்று ஆடியதாகப் பேச்சு.
பெர்லினிலும் வியன்னாவிலும் மை காயுமுன்
போய் இறங்கிவிடுவார்கள் ஏஜெண்டுகள்,
முட்டை வாங்குகிறவர்கள் மாதிரி
நாடகங்களை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்க.

இந்தக் கதை சிறியது.
ஒரு ரயில் சந்திப்பு. பனி.
ஸ்டேஷன் மாஸ்டரின் விதவைத் தங்கை.
வண்டி மாற இறங்கிய லெப்டினன்ட்.
விடிவதற்குள் ஒரு முத்தம், பிறகு அவன் வண்டி.
அவ்வளவுதான்.
மூன்றாம் அங்கம் முழுக்க
அவள் விளக்குகளை ஒவ்வொன்றாய் அணைக்கிறாள்.

"குஸ்" என்றால் முத்தம்.
பாட்டில் அதன் வாலைப் பிடித்து வருபவை
"முஸ்": வேறு வழியில்லை.
"ஷ்லுஸ்": முடிந்தது.
ஹெட்விக் ஓரத்தில் பென்சிலால் எழுதினாள்,
மூன்றும் ஒரே கயிறு, அறுத்தால் கதை விழும்.

குவில்டர் அறுத்தார்.
ஆங்கிலத்தில் "கிஸ்" என்று வாய் திறந்தாலே
"ப்ளிஸ்" வந்து மடியில் உட்கார்ந்துகொள்கிறது.
பேரின்பம் என்று பாடிவிட்டு
ஆளை எப்படி ரயிலேற்றுவது?
ஆகவே லெப்டினன்ட் வண்டியைத் தவறவிட்டான்.
ஆகவே கல்யாணம்.
கல்யாணத்துக்குக் கூட்டம் வேண்டாமா?
லீட்ஸிலிருந்து ஒரு ஜாம் வியாபாரி,
அவருக்கொரு சைக்கிள் பாட்டு,
எட்டுத் தோழிகள், நிஜ வாத்து ஒன்று.
உச்ச ஸ்வரத்தில் "இ" நிற்காது என்று
டெனர் பென்னிஃபாதர் தொண்டையைத் தடவ,
அந்த ஓர் இடத்தில் "ஆ" என்று போட்டார்கள்,
அர்த்தமில்லாத, நீளமான ஆ.

(நான் எழுதும் மொழியில்
முத்தம் என்று தொடங்கினால்
சத்தம் வரும், ரத்தம் வரும்,
கொஞ்சம் பொறுத்தால் யுத்தமும் வரும்.
குவில்டருக்குத் தமிழ் தெரியாதது நல்லதாயிற்று.)

நானூற்றுப் பதினொரு இரவு ஓடியது.
ஹெட்விக் ஒரே ஒருமுறை போனாள்,
உச்சாணிக் காலரி, ஒரு ஷில்லிங்,
குற்றம் கண்டுபிடிக்கத்தான் போனாள்.
வாத்துக்குச் சிரித்துவிட்டாள்.
அந்த "ஆ" வந்தபோது
கையுறையைக் கடித்துக்கொண்டாள்.

ஆகஸ்ட்.
சுவரொட்டியில் இசையமைத்தவர் பெயர்மேல்
பசை ஈரத்தோடு ஒரு வெள்ளைத் துண்டு.
நாடகம் நிற்கவில்லை,
லெப்டினன்டின் சீருடையை மட்டும் மாற்றினார்கள்.

போலீஸ் நிலையத்தில் வேற்று நாட்டார் பதிவு.
கசாப்புக்காரர்கள், முடிதிருத்துகிறவர்கள், ஹோட்டல் வெய்ட்டர்கள்,
யாரும் யாரோடும் எந்த மொழியிலும் பேசவில்லை.
அவள் முறை வந்தபோது
சார்ஜன்ட் டில்லி படிவம் தேடிக்கொண்டே
மூக்குக்குள் ஒரு மெட்டை ஓட்டினார்,
முத்திரை குத்தினார்,
ஒன்று அழுத்தி, இரண்டு லேசாய்.

"தொழில்?"
"மொழிபெயர்ப்பு."
"எதிலிருந்து?"
"நீங்கள் இப்போது முனகிக்கொண்டிருந்ததிலிருந்து."

அவர் நிறுத்தினார்.
உச்ச ஸ்வரத்துக்கு இன்னும் இரண்டு தட்டு இருந்தது.
"அது நம்ம ஊர்ப் பாட்டம்மா,
மூன்று தடவை பார்த்தாயிற்று" என்றார், கோபமில்லாமல்.
பேனாவைத் தொட்டுக்கொண்டு
பெயரை எழுத்துக்கூட்டச் சொன்னார்.
எல், என்றாள்.
ஓ.