ஆறு மில்லி சல்லடை

காரிமங்கலம் தாண்டி இடப்பக்கம்
தகரக் கொட்டகை. இரவு ஷிப்டில்
நானும் வேடியப்பனும்
பன்னிரண்டு அடி நேப்பியர் புல்லும்.

பி.ஏ. தமிழ் படித்துவிட்டு
புல் வெட்டவா வந்தாய் என்று
சேர்ந்த அன்று மேனேஜர் கேட்டார்.
யாப்பிலக்கணத்தில் எழுபத்தெட்டு சார், என்றேன்.
அவருக்குப் புரியவில்லை.
எனக்குப் புரிய
ஒரு மாதம் ஆனது:

அடியை வெட்டினால் சீர்
சீரை வெட்டினால் அசை
அசையையும் வெட்டினால் எழுத்து.
இங்கே முதல் கத்திக்கு இரண்டு அங்குலம்,
அடுத்ததற்கு விரல்நகம்.
அப்புறம் உருளைக்குள் நாற்பத்தெட்டு சுத்தியல்கள்.
ஆறு மில்லி ஓட்டையில் நுழைகிறாயா, போ.
நுழையவில்லையா,
வா, இன்னொரு சுற்று.

பச்சையாய் வந்தால் நார் தண்டில் சுற்றிக்கொள்ளும்.
காய்ந்துபோய் வந்தால் தூசி, பிறகு ஒரு பொறி,
பிறகு தீயணைப்பு வண்டி.
ஈரம் நூற்றுக்குப் பதினைந்து இருக்க வேண்டும்.
மீட்டர் யோசிக்கும் நேரத்தில்
வேடியப்பன் ஒரு தண்டைக் காதோரம் வைத்து முறிப்பார்.
டொப் என்றால் இன்னொரு நாள் வெயில்.
டிக் என்றால்
ஏத்து.

வேலிக்கு அந்தப்பக்கம் ஒரு கறவைமாடு
இதே புல்லைத் தின்றுவிட்டு
கண்மூடி அசை போடுகிறது.
பெல்ட் இல்லை, மும்முனை மின்சாரம் இல்லை,
எங்களைவிடப் பொடிசு.

மூன்றே நாளில் கத்தி மழுங்கிவிடுகிறது.
இரும்பை மழுக்கப் புல்லிடம் என்ன இருக்கிறது?
சாணை பிடிக்க வரும் அமானுல்லாவைக் கேட்டேன்.
கல்லுதான், என்றார்.
வேர் கல்லைக் கரைத்துக் குடிக்குமாம்,
குடித்ததை இலையோரம் பல்பல்லாய் அடுக்குமாம்.
"இந்த ஜில்லாவுல வேற என்னா இருக்குது அது குடிக்க?"
முழங்கையைத் திருப்பிப் பார்த்தேன்.
மெல்லிசாய்ச் சிவப்புக் கோடுகள்.
நான் அதை வெட்டுமுன்
அது வெட்டிய கணக்கு.

போன செவ்வாய், இரவு ஒன்றே முக்கால்.
வாசலில் இருக்கும் காந்தம்
ஆணியைப் பிடிக்கும், நட்டைப் பிடிக்கும்,
ஒடிந்த அரிவாள் மூக்கைப் பிடிக்கும்.
கல்லைப் பிடிக்காது.
திம்மராயன் வயல் லோடு,
குவாரியை ஒட்டிய வயல்,
எலுமிச்சை அளவில் ஒரு கருங்கல்.

வேடியப்பன் சுவிட்சுக்கு ஓடினார்.
உருளை நிற்க நாலு நிமிடம் பிடித்தது.
மூன்று சுத்தியல் போச்சு.
சல்லடையில்
என் கை நுழையும் கிழிசல்.

காலையில் திம்மராயன் வந்தார்.
மேனேஜர் ரசீதில் நாலாயிரம் கழித்தார்.
"குவாரிக்காரன் வெடி வச்சா
கல்லு எங்காட்டுல விழுது.
அவன் எனக்குக் கழிக்கிறானா சார்?"
மேனேஜர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.
திம்மராயன் என் பக்கம் திரும்பி
அந்தக் கல்லைக் குடும்மா, என்றார்.
கொடுத்தேன்.
துண்டில் துடைத்துச்
சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார்.
நாலாயிரம் ரூபாய்க் கல் அல்லவா.

புதுச் சல்லடை வெள்ளிக்கிழமைதான் வந்தது.
அதற்குள் மாம்பழ சீசன் தொடங்கிவிட்டது.
காவேரிப்பட்டணம் கூழ் ஆலையிலிருந்து
ஒரு நாளைக்கு ஏழு போன்.
கொதிகலனுக்குப் பெல்லட் எங்கே, பெல்லட் எங்கே.

இவ்வளவு வெட்டுவதும் கடைசியில்
அழுத்தி, சூடாக்கி,
சுண்டுவிரல் நீளத்துக்கு
ஒட்டவைக்கத்தான்.
யாப்பில் இதற்குத் தளை என்று பெயர்.
பரீட்சையில் அந்தக் கேள்வியை விட்டுவிட்டேன்.

ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்து
குளியலறை வாசலில் குனிந்து
தலையை உதறுகிறேன்.
சிமெண்டுத் தரையெல்லாம் மஞ்சள் பொடி.
ஆறு மில்லிக்குள்
அடங்கியது அத்தனையும்.