நிகர எடை

பள்ளிப்பட்டு தாண்டி நகரி போகிற ரோட்டில்
பதினேழு வருஷமாக எடைமேடை வைத்திருக்கிறேன்.
மேடையின் அந்தக் கோடியில் நின்றால்
ஆந்திரா வரவேற்கிறது என்று போனில் வரும்,
இந்தக் கோடிக்கு நடந்தால் மறுபடி தமிழ்நாடு.
லாரிக்காரன் எந்தப் பாஷையில் திட்டினாலும்
எண் ஒன்றுதான், சிவப்பில், ஐந்து இலக்கம்.

சரக்கோடு ஒரு தடவை, காலியாக ஒரு தடவை.
பெரியதில் சின்னதைக் கழித்தால் மிச்சம் சரக்கு.
இதற்கு மேல் எனக்குக் கணக்குத் தெரியாது.

முனிசேகர் வந்தது தோத்தாபுரி சீசனில்.
இந்தப் பக்கம் டீசல் மலிவு என்று
பங்க்குக்கு வருவான்.
கல்லாவில் சுகுணா. என் தங்கை, முப்பத்தொரு வயது,
கள்ள ஐநூறை விரல் பட்டதுமே
திருப்பிக் கொடுப்பவள்.

ஜூனில் ஒருநாள், கொட்டுகிற மழையில்
அவன் டெம்போ மேடை ஏறியது.
இறங்கு என்று கண்ணாடியில் தட்டினேன்.
மழையைக் காட்டினான். இறங்கவில்லை.
சாயங்காலம் காலி வண்டியோடு வந்தபோது
மழை விட்டிருந்தது. இறங்கிப்போய்
புளியமரத்தடியில் பீடா மென்றுகொண்டு நின்றான்.
ஆக, எழுபது கிலோ முனிசேகரை
கூழ் ஃபேக்டரி
மாங்காய் விலைக்கு வாங்கியிருக்கிறது.

மழையா, தந்திரமா?
சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு
அடுத்த வண்டியைப் பார்த்தேன்.

கார்த்திகையில் சுகுணா அவன் பேரைச் சொன்னாள்.
அம்மாவுக்கு அவன் பல்வரிசை பிடித்திருந்தது.
தெலுங்கு எங்களுக்கு ஒரு விஷயமில்லை,
அம்மா திட்டுவதே தெலுங்கில்தான்.
பெரியப்பா சாதியைப் பற்றிப் பேசினார்,
சாப்பிட்டார், போனார்.
எனக்கு இருந்தது அந்த எழுபது கிலோ.

அதோடு மற்றதும் வந்து ஒட்டிக்கொண்டது.
வெற்றிலை மாற்றும் முன்பே பாவா என்றான்.
அவள் தொடங்கிய வாக்கியத்தை அவன் முடித்தான்.
நகரிக்கே போய் விசாரித்தேன்.
தங்கமான பையன் என்றார் மெக்கானிக்.
டயர்க் கடைக்காரர், அவனா, என்று சிரித்துவிட்டு
வெயிலைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.
அந்தச் சிரிப்பை
பைக்கில் பின்னால் உட்காரவைத்து
வீடுவரை கூட்டி வந்தேன்.

ஒரு ராத்திரி, தலை துவட்டிக்கொண்டிருந்தவளிடம்
மழை நாளைச் சொன்னேன்.
சிரித்தாள்.
‘அன்னைக்குப் போன்ல நான்தாண்ணா இருந்தேன்.
பேச்சை விட மனசில்லாம உட்கார்ந்துட்டான்.
நீ கண்ணாடியில தட்டினது
எனக்கும் கேட்டுச்சு.’

ஜூனிலேயே.
என் விரல் முட்டியின் சத்தம்
அவள் காதில் இருந்திருக்கிறது ஜூனிலிருந்தே.

போன் கட்டில்மேல் கிடந்தது.
அவள் துண்டை உலர்த்தப் போன நேரத்தில்
ஜூன் வரை தள்ளிப் பார்த்திருக்கலாம்.
பார்க்கவில்லை. பெருந்தன்மை ஒன்றுமில்லை,
பயம்.
அவள் சொன்னது பொய்யாக இருந்தால்
அப்புறம் இரண்டு பேரைச் சந்தேகப்பட வேண்டும்,
அதில் ஒருத்தியை நான்
இடுப்பில் தூக்கித் திரிந்திருக்கிறேன்.

திரும்பி வந்தவளிடம்
‘சம்பளம் வர்ற அக்கவுண்ட்டை மட்டும்
யாருக்காகவும் மாத்தாதே’ என்றேன்.
‘தெரியும்’ என்றாள். சீப்பைத் தேடினாள்.

தையில் சார்பதிவாளர் ஆபீசில்
சாட்சிக் கையெழுத்துப் போட்டேன்.
முதல் எழுத்தில் மை வரவில்லை,
உதறிவிட்டு மறுபடி போட்டேன்.

மறுநாள் டெம்போ மேடையில் வந்து நின்றது.
பின்னால் ஒரு பீரோ, அவள் தையல் மெஷின்,
கயிற்றில் கட்டிய பிளாஸ்டிக் நாற்காலிகள்.
ஜன்னல் வழியே தலை நீட்டி
‘பாவா, இறங்கணுமா?’ என்றான்.

அவள் சொல்லியிருப்பாள்.
அல்லது அவனுக்கே ஞாபகம் இருந்திருக்கும்.

வேண்டாம் என்றேன்.
எஞ்சினை அணைக்கவில்லை அவன்.
கடைசி இலக்கம் நிற்காமல்
ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.
அச்சுப் பொத்தான்மேல் என் விரல் இருந்தது,
அங்கேயே இருந்தது.

சுகுணா கை அசைத்தாள். வண்டி அந்தக் கோடியைத் தாண்டியது.
மேடை பூஜ்யத்துக்கு வரக்
கொஞ்ச நேரம் பிடித்தது.